காட்டுக்குள்ள ஒரு மர மாளிகை, சுத்தி ஊரக் காணோம்: ரஷ்ய கிராமம் காலியான கத

மாஸ்கோவுல இருந்து வடகிழக்கால ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போனா சுஹ்லமான்னு ஒரு சின்ன டவுன் வரும், கஸ்த்ரமா மாகாணத்துல. அங்கருந்து இன்னும் உள்ள காட்டுப் பக்கமா போனா அஸ்தாஷவோ. அங்க முழுக்க மரத்துலயே இழைச்ச ஒரு மாளிகை நிக்குது, கோபுரம் வெச்சு, ஜன்னலுக்கு ஜன்னல் பூ வேலப்பாடு செதுக்கி, பாத்தா ஏதோ இளவரசி கதைல வர்ற வீடு மாதிரி இருக்கும். 1897ல கட்டுனது. கட்டுனவர் பிரபுவும் இல்ல, ஜமீனும் இல்ல, மர்த்தியான் சஸோனவ்னு ஒரு விவசாயி. பீட்டர்ஸ்பர்க் போயி தச்சு வேல, கட்டட கான்ட்ராக்ட்னு சம்பாதிச்சு, திரும்பி வந்து சொந்த ஊர்ல இப்படி ஒரு வீட்ட எழுப்பியிருக்காரு. சோவியத் காலத்துல அந்த வீட்டுக்குள்ள போஸ்ட் ஆபீஸ், லைப்ரரின்னு என்னென்னவோ இருந்துச்சு. அப்புறம் ஊரே காலி. வயல்ல மரம் மொளச்சு, மாளிகைய சுத்தி காடு வந்துருச்சு, கோபுரம் சாஞ்சு போச்சு. கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள சில பேர் சேந்து அத மீட்டு சரி பண்ணி இப்ப தங்குற விடுதியா நடத்துறாங்க. மாளிகை திரும்ப வந்துருச்சு, ஊர் வரல.

ஒரு விவசாயி ஏன் சம்பாதிக்க அவ்ளோ தூரம் போகணும், போனவர் ஏன் திரும்பி வரணும், அவர் பேரன் பேத்தி தலைமுறை ஏன் திரும்பி வராம போச்சு? இந்த மூணு கேள்விக்கும் பதில் தேடுனா ரஷ்ய கிராமத்தோட 500 வருஷக் கத முழுசும் வந்துரும். எனக்குத் தெரிஞ்சு அந்தக் கதைய புரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயத்த விடாம பிடிச்சுக்கிட்டு போனா போதும்: ஊர விட்டுப் போறதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்?

1497ல மூணாம் இவான் காலத்துல ஒரு சட்டத் தொகுப்பு வந்துச்சு. விவசாயி ஒரு நிலக்கிழார விட்டு இன்னொருத்தர்கிட்ட போகணும்னா வருஷத்துல ரெண்டே வாரம்தான், பழைய காலண்டர்படி நவம்பர் 26 யூரி திருநாளுக்கு முன்னாடி ஒரு வாரம், பின்னாடி ஒரு வாரம். அறுப்பெல்லாம் முடிஞ்சு, இருந்த வீட்டுக்கான தொகையையும் கட்டிட்டு கெளம்பலாம். 1580கள்ல இருந்து அந்த ரெண்டு வாரத்தையும் கொஞ்சம் கொஞ்சமா பறிச்சாங்க. 1649ல வந்த சட்டம் கதவ மொத்தமா சாத்திருச்சு: ஓடிப் போனவன எத்தன வருஷம் கழிச்சு வேணாலும் தேடிப் பிடிச்சு பழைய எஜமான்கிட்ட ஒப்படைக்கலாம்னு. இன்னைக்கும் ரஷ்யாக்காரங்க நம்பியிருந்தது திடீர்னு கைவிட்டுப் போனா "இந்தா பாட்டி, உனக்கு யூரி நாள்!"னு சொல்லுவாங்க. 400 வருஷத்துக்கு முன்னாடி பறி போன ரெண்டு வாரம் இன்னும் வாய்மொழியில உக்காந்துருக்கு.

பண்ணையடிமை முறை எப்படி இருந்துச்சுன்னா, வாரத்துல பாதி நாள் எஜமான் நிலத்துல உழைக்கணும், இல்லன்னா பணமா கட்டணும். 1797ல ஜார் பாவெல் மூணு நாளுக்கு மேல வேல வாங்கக் கூடாதுன்னு ஆணை போட்டாரு, பல எடத்துல யாரும் மதிக்கல. 18ஆம் நூற்றாண்டுல நிலத்தோட சேக்காம ஆள மட்டும் தனியா வித்தாங்க, பேப்பர்ல விளம்பரம் கூட வந்துச்சு, குதிர விக்கிறதுக்கு பக்கத்துலயே சமையக்காரி விக்கப்படும்னு.

இவ்ளோ கொடுமைக்குள்ள ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னா, அதுக்கு அந்த வீட்டுக்குள்ள போய் பாக்கணும். நம்மள்ல நெறைய பேருக்கு ரஷ்ய கிராமம் அறிமுகமானதே மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழ்ல போட்டு அனுப்புன கெட்டி அட்ட புத்தகங்கள் வழியாத்தான். அதுல தாத்தா அடுப்பு மேல படுத்துருப்பாரு. அடுப்பு மேல ஆள் எப்படி படுப்பாங்க, சுட்டுராதான்னு சின்ன வயசுல எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அந்த அடுப்பு என்னன்னு தெரிஞ்சாத்தான் அந்த வீடே புரியும்.

பைன் மரத்தடிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மூலைல காடி வெட்டி கோத்து, இடுக்குல எல்லாம் காட்டுப் பாசிய அடச்சு கட்டுற வீட்டுக்கு பேரு இஸ்பா. அதுக்குள்ள நாலுல ஒரு பங்கு எடத்த ஒரே ஒரு அடுப்பு பிடிச்சுக்கும், அதுதான் பேச். களிமண்ணுல இல்லன்னா செங்கல்லுல ஒரு சின்ன ரூம் அளவுக்கு எழுப்புனது. வெளிய மைனஸ் 30 டிகிரி குளிர். வீட்டம்மா விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பிர்ச் விறக உள்ள அடுக்கி பத்த வெப்பா. ரெண்டு மூணு மணி நேரம் எரிஞ்சு தணல் ஆனதும் அத ஓரமா ஒதுக்கி, அடுப்போட உள்தரைய தொடச்சுட்டு ரொட்டி மாவ உள்ள தள்ளுவா. வார்ப்பிரும்பு பானைல முட்டைகோஸ் சூப், இன்னொண்ணுல கஞ்சி, நீளக் கம்புல மாட்டுன கவட்டி மாதிரி ஒரு கருவியால பானையோட கழுத்தப் பிடிச்சு ஆழத்துல வெச்சு மூடிருவா. சூடு மெல்ல மெல்ல எறங்கிக்கிட்டே இருக்குறதுல அது பாட்டுக்கு வெந்துக்கிட்டே இருக்கும், மத்தியானம் எடுத்தாலும் சூடு. காலைல ஒருவாட்டி எரிச்சது ராத்திரி வர செவர் வழியா கசியும். அடுப்போட தல மேல தட்டையான எடம் இருக்கும், வெதுவெதுன்னு, சுடாது. வயசானவங்க, கொழந்தைங்க, காச்சல்காரங்க அங்கதான் படுப்பாங்க. கடுங்குளிர்ல கோழிய அடுப்புக்கு அடில இருக்குற பொந்துல விட்டுருவாங்க, புதுசா பொறந்த கன்னுக்குட்டிய வீட்டுக்குள்ளயே கட்டிருவாங்க.

வடக்குப் பக்கம் குளிக்கிறதுக்குன்னு தனியா நீராவி குடில், பான்யா, இருக்கும். ஆனா மத்திய ரஷ்யால பல ஊர்ல விறகுக்கே பஞ்சம், அதனால அடுப்புக்குள்ளயே குளிச்சாங்க! சாம்பல வழிச்சு எடுத்துட்டு, வைக்கோல பரப்பி, ஒரு வாளி தண்ணியோட ஆள் உள்ள ஊந்து போயி உக்காந்து, வாய மூடிக்கிட்டு, பிர்ச் இலக்கொத்தால ஒடம்ப அடிச்சு வேர்க்க விட்டு, வெளிய வந்து தண்ணி ஊத்திக்குவாங்க. வெளிய வரும்போது செவத்துல ஒரசுனா மறுபடி கரி. பிள்ளைங்கள ஒரு ஆள் உள்ள உக்காந்து வாங்கி குளிப்பாட்டி வெளிய நீட்டுவாங்க. "அடுப்பு எங்கள பெத்த தாயி"ன்னு ரஷ்ய மொழில ஒரு பழமொழி இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்கு அது வெறும் சொல்லா தெரியல.

அடுப்புக்கு நேர் எதிர் மூலைல சாமி படம் இருக்கும். விருந்தாளிய அங்கதான் உக்கார வெப்பாங்க, யாராவது செத்தா தல அந்தப் பக்கம் இருக்குற மாதிரி பலகைல கெடத்துவாங்க. புது வீடு கட்டிப் போனா பழைய அடுப்புல இருந்து தணல ஒரு சட்டில எடுத்துக்கிட்டு போவாங்க. வீட்டுக்கு காவலா அடுப்புக்குப் பின்னாடி ஒரு தாத்தா கண்ணுக்குத் தெரியாம இருக்காருன்னு நம்பிக்கை, பேரு தமவோய். அவரையும், தாத்தா எங்ககூட வாங்கன்னு மரியாதையா கூப்புட்டு அழைச்சுட்டுப் போவாங்க.

வீட்டுக்கு வெளிய வந்தா நிலம் யாரோடதுன்னு ஒரு கேள்வி. ரஷ்ய விவசாயிக்கு நிலம் தனியா சொந்தமில்ல, ஊருக்குச் சொந்தம். அந்த ஊர்க் கூட்டமைப்புக்கு பேரு மிர், ரஷ்ய மொழில உலகம்ங்குறதுக்கும் அதே சொல்தான், உண்மைலயே அவங்களுக்கு அதுதான் உலகம். குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசி, கொஞ்ச வருஷத்துக்கு ஒருக்கா நிலத்த ஒவ்வொரு வீட்டுலயும் எத்தன பேர்னு பாத்து மறுபடி பிரிப்பாங்க. நல்ல நிலம், மோசமான நிலம், பக்கத்துல இருக்குறது, தூரத்துல இருக்குறதுன்னு எல்லாத்துலயும் எல்லாருக்கும் ஒரு கீத்து, அதனால ஒரு வீட்டுக்கே பல துண்டா நிலம் செதறிக் கெடக்கும். நியாயமான பங்கீடுதான், ஆனா அடுத்த பங்கீட்டுல யார் கைக்குப் போகுமோங்குற நிலத்துக்கு எரு போட யாருக்கு மனசு வரும். நிலத்த மூணா பிரிச்சு ஒண்ணுல குளிர்கால ரை தானியம், ஒண்ணுல ஓட்ஸ், ஒண்ணு தரிசு. இன்னொண்ணு, வரிக்கு ஊரே கூட்டுப் பொறுப்பு. ஒருத்தன் கட்டலன்னா மத்தவங்க கட்டணும். அதனால ஒருத்தன் ஊர விட்டுப் போறான்னா ஊரே பதறும்.

1861ல ரெண்டாம் அலெக்சாந்தர் அடிமை முறைய ஒழிச்சாரு, தனியார் எஜமானர்கள்கிட்ட இருந்த ரெண்டு கோடிக்கு மேல ஜனங்களுக்கு விடுதலை. ஆனா நிலம் சும்மா கெடைக்கல. அரசாங்கம் எஜமானுக்கு பணத்தக் குடுத்துட்டு விவசாயிகிட்ட 49 வருஷம் தவணையா வசூல் பண்ணுச்சு. தவணைக்கும் ஊர்தான் ஜவாப்தாரிங்கிறதால வெளியூர் போகணும்னா மிர் சம்மதிக்கணும், அப்பா சம்மதிக்கணும், அப்புறம்தான் கைல ஒரு அனுமதிச் சீட்டு. எஜமான் போயி அந்த எடத்துல ஊர் வந்துச்சு, அவ்ளோதான். 1905 புரட்சிக்குப் பின்னாடிதான் தவணை ரத்தாகி, 1906ல அந்தக் கட்டுப்பாடும் தளந்துச்சு. அதே வருஷம் பிரதமர் ஸ்தலீபின் கொண்டு வந்த சீர்திருத்தத்துல மிர்ர விட்டு வெலகி தன் பங்க தனி நிலமா எடுத்துக்கலாம்னு ஆச்சு. கொஞ்சம் பேர் வெலகுனாங்க, லட்சக்கணக்குல சைபீரியாவுக்கு குடிபோனாங்க, ஆனா பெரும்பான்மை மிர்ரோடயே நின்னாங்க.

சஸோனவ் மாதிரி ஆளுங்க இந்த சந்துலதான் வளந்தாங்க. சுஹ்லமா, சொலிகாலிச் பக்கம் மண் ரொம்ப சத்தில்லாத மண்ணு, வெளைஞ்சது தவணைக்கே பத்தாது, அதனால ஆம்பளைங்க வசந்தத்துல தச்சு வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் பீட்டர்ஸ்பர்க் போயி குளிருக்கு முன்னாடி காசோட திரும்புவாங்க. ஊர்ல உழுறது, அறுக்குறது, கூட்டத்துல ஓட்டுப் போடுறது எல்லாம் பொம்பளைங்க. பக்கத்து ஊர்க்காரங்க அந்தப் பகுதிய பொம்பளைங்க சீமைன்னே சொன்னாங்க. அங்க இஸ்பாவுக்கு வால்பேப்பர், டீக்கு தண்ணி கொதிக்க வைக்கிற சமோவார், கடிகாரம்னு நகரத்துப் பொருளெல்லாம் வந்துச்சு, மாளிகையும் அந்தக் காசுதான். போறவனோட பேரு ஊர் கணக்குல இருக்கு, குடும்பமும் நிலமும் அங்கயே இருக்கு, அதனாலதான் திரும்பி வந்தான்.

1917 புரட்சில நிலம் விவசாயிக்குன்னு ஆணை வந்து எஜமானர் நிலத்த எல்லாம் ஊரே பிரிச்சுக்கிச்சு. ஆனா உள்நாட்டுப் போர்ல நகரத்துக்கும் படைக்கும் தானியம் வேணும்னு துப்பாக்கியோட வந்து அள்ளிட்டுப் போனாங்க, தம்போவ் பகுதில விவசாயிங்க பெரிய கிளர்ச்சியே பண்ணி ராணுவம் வந்து நசுக்குச்சு. 1921ல வோல்கா பக்கம் பஞ்சம். அப்புறம் எட்டு வருஷம்போல மூச்சு விட நேரம் கெடச்சது. 1929 கடைசில ஸ்டாலின் கூட்டுப்பண்ணைய கட்டாயமாக்குனாரு. மாடு, குதிர, கலப்ப எல்லாம் பண்ணைக்கு, கொஞ்சம் வசதியானவங்க, எதுத்துப் பேசுனவங்க எல்லாரும் குலாக்கு, அதாவது பணக்கார விவசாயின்னு முத்திரை. 1930, 31 ரெண்டு வருஷத்துல மட்டும் சுமார் 18 லட்சம் பேர குடும்பத்தோட வடக்குக்கும் உராலுக்கும் சைபீரியாவுக்கும் வலுக்கட்டாயமா அனுப்புனாங்க. அதுல ஊர்லயே நல்லா வேல செஞ்சவங்கதான் அதிகம். 1932, 33ல உக்ரைன், கஜகஸ்தான், வோல்கா, வடக்கு காகஸஸ்னு பஞ்சத்துல அம்பது லட்சத்துக்கு மேல ஜனங்க செத்தாங்க, வயல்ல சிந்துன கதிரப் பொறுக்குனதுக்கே சிறைக்குப் போன காலம் அது. இத கடந்து போற ஒரு வரியா எழுதவே எனக்கு கை வரல, ஆனா இத முழுசா சொல்ல தனிக் கட்டுரை வேணும்.

பஞ்சத்துல இருந்து தப்பிக்க ஜனங்க நகரத்துக்கு ஓடுனாங்கல்ல, அப்பத்தான், 1932 டிசம்பர் 27ல, உள்நாட்டு பாஸ்போர்ட் முறை வந்துச்சு. நகரத்துல இருக்கணும்னா, வேலைக்கு சேரணும்னா பாஸ்போர்ட் வேணும். கூட்டுப்பண்ணை விவசாயிக்கு பாஸ்போர்ட் கெடையாது. அப்பல்லாம் ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சிப் பேரோட சுருக்கம் வே கா பே. விவசாயிங்க அதுக்கு ரெண்டாவது பண்ணையடிமை முறைன்னு விரிவு சொன்னாங்க, ரஷ்ய மொழில முதல் எழுத்து அச்சா பொருந்தும்.

வேலைக்கு சம்பளமும் இல்ல. உழைப்பு நாள்னு ஒரு கணக்கு, நோட்டுல ஒரு கோடு போடுவாங்க, வருஷக் கடைசில அரசாங்கப் பங்கு போக மிச்சத்த கோட்டுக்கு இவ்ளோ தானியம்னு பிரிப்பாங்க, சில வருஷம் ஒண்ணுமே மிஞ்சாது. குச்சிக்கு ஒழைச்சோம்னு கிழவிங்க சொல்றது அந்தக் கோட்டத்தான். உயிரக் காப்பாத்துனது வீட்டுக்குப் பின்னாடி இருந்த தோட்டம். 1935 விதிப்படி கால் ஹெக்டேர்ல இருந்து அர ஹெக்டேர், ஒரு பசு. அதுலயும் பால், கறி, முட்டைன்னு அரசாங்கத்துக்கு கட்டணும். ரெண்டாம் உலகப் போருக்குப் பின்னாடி வரி ஏறுனப்ப தன் கையால வெச்ச ஆப்பிள் மரத்த வெட்டிப் போட்டாங்க, மரத்துக்கும் வரிங்கிறதால. 1953ல ஸ்டாலின் செத்தப்புறம் அந்த வரிய கொறச்சதுக்கு இன்னைக்கும் அப்ப பிரதமரா இருந்த மலென்கோவ் பேர நன்றியோட சொல்ற குடும்பங்க உண்டு.

நடுவுல போர். ஆம்பளைங்க போனாங்க, குதிரையும் போச்சு, பொம்பளைங்க பசுவ கலப்பைல பூட்டுனாங்க, பசுவும் இல்லாத எடத்துல தாங்களே இழுத்தாங்க. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சின்ன நினைவுத் தூண் இருக்கும், அதுல ஒரே குடும்பப் பேரு அஞ்சாறு தடவ வரும்.

தப்பிக்க வழி கொஞ்சம்தான்: பையன்னா ராணுவம், முடிச்சுட்டு ஊருக்கு வராம ஃபேக்டரில சேந்து பாஸ்போர்ட் வாங்கிருவான். பொண்ணுன்னா படிப்பு, இல்லன்னா டவுன்காரனோட கல்யாணம். கெட்டிக்காரப் பிள்ளைய, எப்படியாவது வெளிய போயிருன்னு பெத்தவங்களே அழுது அனுப்புன தலைமுறை அது. 1965ல கூட்டுப்பண்ணைக்காரங்களுக்கு பென்ஷன் வந்துச்சு, 1966ல மாசச் சம்பளம், 1974ல பாஸ்போர்ட் குடுக்க முடிவெடுத்து 1976ல இருந்துதான் கைல குடுத்தாங்க. அதுவரைக்கும் 6 கோடிக்கு மேல ஜனங்க பாஸ்போர்ட் இல்லாம இருந்துருக்காங்க. ககாரின் விண்வெளிக்குப் போயி 15 வருஷம் ஆன பின்னாடி!

கதவு தொறந்தப்ப உள்ள இருந்தவங்க போகாம என்ன பண்ணுவாங்க? அதோட 60கள், 70கள்ல திட்டமிடுறவங்க ஊர்கள எதிர்காலம் உள்ளது, எதிர்காலம் இல்லாததுன்னு லிஸ்ட் போட்டாங்க. எதிர்காலம் இல்லாத ஊர்ல மொதல்ல ஸ்கூல் மூடும், அப்புறம் கட, அப்புறம் ரோடு போட மாட்டாங்க. மரத்தடிக்கு நம்பர் எழுதி இஸ்பாவ பிரிச்சு எடுத்து பெரிய ஊர்ல திரும்ப கோத்து குடியேறுனவங்க உண்டு. மத்தவங்க நகரத்து அப்பார்ட்மென்டுக்குப் போனாங்க, அங்க தணல எடுத்துட்டுப் போக அடுப்பு ஏது. 1959ல ரஷ்யக் குடியரசுல சுமார் 2,94,000 கிராமம். 1979ல 1,77,000. 1989ல 1,53,000. முப்பது வருஷத்துல ஊர்கள்ல கிட்டத்தட்ட பாதி காணாம போச்சு. 2010 கணக்கெடுப்புல 19,000க்கு மேல ஊர் பேரளவுல இருக்கு, ஒருத்தர் கூட இல்ல.

எல்லா எடமும் இப்படின்னு நெனச்சுக்கக் கூடாது. தெக்க கூபான் பக்கம் கருமண் பூமி, ஆயிரக்கணக்கான பேர் வாழுற பெரிய பெரிய ஊர்கள், கம்பெனிங்க கோதுமை போடுது. காலியாகிறது வடக்கும் மாஸ்கோவ சுத்தி இருக்குற மாகாணங்களோட ஓரங்களும்தான்.

மிச்சம் இருக்குற ஊர்ல இன்னைக்கு வாழ்க்கை எப்படின்னா, கட இல்ல, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ ஒரு வேன் வரும், அதுக்கு அவ்தோலாவ்கான்னு பேரு, ரொட்டி, சக்கர, சேமியா, தீப்பெட்டி. பாட்டிங்க அரமணி நேரத்துக்கு முன்னாடியே பைய வெச்சுக்கிட்டு ரோட்டோரம் நிப்பாங்க, சாமான் வாங்குறது பாதி, பேசுறது பாதி. கோடைல விறகு லோடு வாசல்ல கொட்டுனா அத பொளந்து அடுக்குறதுலயே மாசம் போகும். மே மாசம் உருளக்கெழங்கு ஊனி, ஆகஸ்ட் கடைசில தோண்டி, தரைக்கு அடில நெலவறைல சேத்து, அக்டோபர்ல முட்டைகோச உப்புப் போட்டு புளிக்க வெச்சா குளிர்காலம் தாண்டிரலாம். ஜூன்ல பேரப் பிள்ளைங்க வருவாங்க, மூணு மாசம் ஊர் உயிரோட இருக்கும், செப்டம்பர்ல பள்ளிக்கூடம் தொறந்தா திரும்ப அமைதி. குளிர்ல எந்தப் புகைபோக்கில புகை வருதுன்னு பாத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரங்க நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்குவாங்க.

ஆளில்லாத வயல்ல ஒரு செடி வந்துருக்கு, பர்ஷெவீக். போருக்குப் பின்னாடி மாட்டுக்குத் தீவனம்னு கூட்டுப்பண்ணைங்க வெதச்சது. ஆள விட உயரமா வெள்ளக் குடை மாதிரி பூக்கும், அதோட சாறு மேல பட்டு வெயில்ல நின்னா தோல் வெந்துரும். மாடு போயிருச்சு, தீவனம் மட்டும் வருஷா வருஷம் பரவி, காலி வீட்டு வாசல் வர வந்துருச்சு.

ஊர் இல்லாட்டியும் இடுகாடு இருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு ஏழு வாரத்துக்கு அப்புறம் திரித்துவப் பண்டிகைக்கு மொதநாள் சனிக்கெழம நகரத்துல இருந்து கார் கார்ரா வருவாங்க. கல்லறைய சுத்தி நீல பெயின்ட் அடிச்ச வேலி, அதுக்குள்ள புல்லப் பிடுங்கி, பிர்ச் கெளைய நட்டு வெச்சுட்டு, பக்கத்துலயே போட்ட பெஞ்சுல உக்காந்து கொண்டு வந்தத சாப்புடுவாங்க, ஒரு பங்க செத்தவங்களுக்குன்னு வெப்பாங்க. அப்புறம் பிள்ளைங்க கையப் பிடிச்சுக்கிட்டு புல்லுக்குள்ள நடந்து போயி, கூர விழுந்த எடத்துல செங்கல் குமியலா நிக்கிற அடுப்பக் காட்டி, இங்கதான் உன் கொள்ளுப்பாட்டி படுத்துருப்பாங்கன்னு சொல்லுவாங்க.